வசனம் மனப்பாடம் ஆகிறது, உள்ளே போகவில்லை: வாலிபர் கூட்டம் நடத்துகிறவர்கள் பேசலாம் வாங்க

கொழுந்துக்கூடை (ஹட்டன் பக்கம்)

எல்லாருக்கும் தோத்திரம். இலங்கை மலையகத்தில் ஹட்டனுக்குப் பக்கத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துச் சபையில் ஏழு வருசமாக ஞாயிறு பாடசாலையும் வாலிபர் கூட்டமும் நான்தான் பார்க்கிறேன். பதின்மூன்று வயதிலிருந்து பத்தொன்பது வரைக்கும் பதினாறு பிள்ளைகள். வசனப் போட்டிக்குப் போனால் வெறுங்கையோடு திரும்ப மாட்டார்கள். போன வருசம் ஒரு நாள் மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தை ஒரு பிள்ளை மூச்சு விடாமல் சொல்லிக்கொண்டு போனாள். "சாந்தகுணமுள்ளவர்கள் பாக்கியவான்கள், அவர்கள் பூமியைச் சுதந்தரித்துக்கொள்வார்கள்" என்ற இடத்தில் நிறுத்தி, "பூமியச் சுதந்தரிக்கிறதுன்னா என்னம்மா?" என்று கேட்டேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்த்தாள். அப்புறம் அடுத்த வசனத்தைச் சொன்னாள்.

அன்றைக்கு இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. நாலு தலைமுறையாகத் தேயிலையோடு கிடந்தும் சொந்தமாக ஒரு பேர்ச்சஸ் காணி கூட இல்லாத லயத்தில், அதாவது தோட்டத்து வரிசை வீட்டில், பிறந்த பிள்ளை அவள். அந்த வசனம் அவளைச் சுட்டிருக்க வேண்டும். சுடவில்லை என்றால் அது படிப்பித்த என் குறை.

அதற்குப் பிறகுதான் மத்தேயு 20, திராட்சத்தோட்டத்து வேலைக்காரர் உவமை. எத்தனையோ தடவை படிப்பித்திருக்கிறேன், "கிருபை எல்லாருக்கும் சமம்" என்று ஒரு வரியில் முடித்துவிடுவேன். இந்தத் தடவை விளக்கம் எதுவும் சொல்லாமல் மூன்று தரம் சத்தமாக வாசிக்க மட்டும் சொன்னேன். மூன்றாவது தரம் வாசித்த பையன் நடுவில் நிறுத்திக் கேட்டான், "பதினோராம் மணின்னா ராத்திரியா டீச்சர்? ராத்திரியில யாரு வேலைக்கு எடுப்பா?" அந்தக் காலத்தில் பொழுது விடிந்ததிலிருந்து மணி எண்ணுவார்கள், பதினோராம் மணி என்றால் நமக்குச் சாயங்காலம் ஐந்து, வேலை விட ஒரு மணி நேரம்தான் பாக்கி என்று சொன்னேன். "அப்ப கடைசிக் கொழுந்தும் நிறுத்து முடிஞ்சிருக்குமே" என்றான். அங்கேதான் பற்றிக்கொண்டது. இதைப் பெரட்டுக்களத்தில் வைத்தே செய்து பார்க்கலாம் என்று சொன்னது பிள்ளைகள், நான் இல்லை.

எங்கள் பக்கம் தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். காலையில் ஆளுக்கு வேலை பிரித்துக் கொடுக்கிற இடம் பெரட்டுக்களம். ஒரு நாள் வேலையை ஒரு பேர் என்போம். குறித்த கிலோ எடுத்தால் முழுப்பேர், குறைந்தால் அரைப்பேர். எங்கள் தோட்டத்தில் 18 கிலோ. மழையில் நனைந்து அட்டைக்கடி வாங்கி 16 கிலோ கொண்டு வந்தவளுக்கும் அரைப்பேர்தான்.

ஒரு சனிக்கிழமை சாயங்காலம், அம்மாமார் மலையிலிருந்து இறங்கி வருகிற நேரமாகப் பார்த்து ஆரம்பித்தோம். உடுப்பு எதுவும் தைக்கவில்லை. இடுப்பில் கட்டுகிற படங்கு, கயிற்றோடு கூடை, ஒரு தராசு, செக்ரோல் (பேர் பதிகிற புத்தகம்) என்று எழுதிய ஒரு கொப்பி, அவ்வளவுதான். தொரை, அதாவது தோட்டத்து மேலாளர், ஆறு மணிக்கு ஒரு கூட்டத்தை எடுக்கிறார், அப்புறம் ஒன்பது, பன்னிரண்டு, மூன்று, கடைசியில் ஐந்து. வேதத்தில் இல்லாத வசனம் யாரும் பேசக்கூடாது என்பது மட்டும் என் நிபந்தனை. "ஏன் பகல் முழுக்கச் சும்மா நிக்கிறீங்க?" என்று தொரை கேட்டதும், கடைசியாக வந்தவள் "யாரும் எங்கள வேலைக்குக் கூப்பிடல" என்றாள். சொல்லும்போது அவள் தொரையைப் பார்க்கவில்லை. ஓரத்தில் குந்தியிருந்த தன் பாட்டியைப் பார்த்தாள். வயதாகிவிட்டது, இனி வேலை இல்லை என்று நிறுத்தப்பட்டவர் அந்தப் பாட்டி.

அப்புறம் கூலி. கடைசியில் வந்தவளுக்கு முழுப்பேர் என்று கொப்பியில் எழுதியதும், பின்னாலிருந்து ஒரு அம்மா, "அப்ப நேத்து எனக்கு ஏன் அரைப்பேரு?" என்று சத்தமாகக் கேட்டுவிட்டார். நடிப்பில் சேராதவர், பார்த்துக்கொண்டு நின்றவர். யாரும் பதில் சொல்லவில்லை. தொரையாக நின்ற பையன் கொப்பியைக் கையில் பிடித்தபடி அப்படியே நின்றான்.

திரும்பி வந்து இரண்டு மணி நேரம் பேசினோம். காலையில் வந்தவர்கள் முறுமுறுத்ததும் நியாயம்தான் என்று ஒரு கட்சி. இப்படிக் கொடுத்தால் நாளைக்கு ஆறு மணிக்கு யார் வருவார்கள் என்று ஒருவன். ஐந்து மணிக்கு வந்தவளுக்கும் வீட்டில் அஞ்சு வயிறு இருக்கே என்று ஒருத்தி. அந்த ஒரு பணம் என்பது அன்றைக்கு ஒரு கூலியாளின் ஒரு நாள் கூலி, பாதி கொடுத்திருந்தால் பிள்ளைகளுக்குப் பாதி வயிறு என்று நான் சொன்ன பிறகும் அவர்கள் விடவில்லை. முடிவு சொல்லாமல் ஜெபம் பண்ணி அனுப்பினேன். அடுத்த வாரம் நாலு பேர் வேதாகமத்தில் பென்சில் கோடு போட்டுக்கொண்டு வந்தார்கள். ஏழு வருசத்தில் இது முதல் தடவை.

இப்போது யாத்திராகமம் 15 செய்ய ஆசைப்படுகிறார்கள், செங்கடல் தாண்டி மிரியாம் பாடுகிற இடம். தப்பு (தோல் பறை) அடித்துச் செய்யலாமா என்று கேட்கிறார்கள். சபையில் சில பெரியவர்களுக்கு மத்தேயு 20 செய்ததே பிடிக்கவில்லை, வேதத்தை ஏன் தோட்டப் பிரச்சினைக்குள் இழுக்கிறாய் என்கிறார்கள். நீங்கள் உங்கள் இடத்தில் என்ன செய்கிறீர்கள், எது சரிவந்தது, எது பிழைத்தது, எழுதுங்கள்.

வட்டவளை தம்பி

அக்கா, எனக்கு இப்போது 21. இந்தப் பக்கம் உட்கார்ந்திருந்த பிள்ளையாகச் சொல்கிறேன். வினாவிடைப் போட்டியில் மெத்தூசலா 969 வருசம் வாழ்ந்தார் என்று சொல்லிக் கோப்பை வாங்கியிருக்கிறேன். ஓ.எல். பரீட்சை முடித்துக் கொழும்பில் கடையில் வேலைக்கு நின்ற இரண்டு வருசம் அதில் ஒன்றும் எனக்குக் கூட வரவில்லை.

கூட வந்தது ஒன்றே ஒன்று. ஒரு மழை இரவு கரண்ட் போய்விட்டது, கூட்டம் நடத்த முடியாது, வீட்டுக்கும் போக முடியாது. எங்கள் அண்ணன் ஒருவர் மெழுகுதிரியைக் கொளுத்தி, மாற்கு சுவிசேஷத்தை ஒரே இருப்பில் முழுக்க வாசிப்போம் என்றார். பதினாறு அதிகாரம், ஒன்பது பேர் மாறி மாறி வாசித்தோம், கிட்டத்தட்ட இரண்டு மணி நேரம். துண்டு துண்டாகக் கேட்டுப் பழகிய எங்களுக்கு அது ஒரே ஓட்டமாக ஓடுகிற கதை என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மாற்கு ஓயாமல் உடனே, உடனே என்பார், கிரேக்கத்தில் ஏறக்குறைய நாற்பது இடத்தில் அந்தச் சொல் வருகிறதாம். இயேசுவைப் பிடிக்கும்போது ஒரு வாலிபன் துப்பட்டியை விட்டுவிட்டு நிர்வாணமாக ஓடுகிற இரண்டு வசனம் இருக்கிறதே (14:51, 52), அதை எந்த ஞாயிறு பாடசாலையிலும் நாங்கள் கேட்டதில்லை. யார் அவன், ஏன் அவனைப் பற்றி எழுத வேண்டும் என்று விடிய விடிய பேசினோம். கடைசியில் அந்தப் பெண்கள் பயந்துபோய் யாருக்கும் ஒன்றும் சொல்லவில்லை என்கிற 16:8 இல் அண்ணன் நிறுத்திவிட்டார், மிகப் பழைய கையெழுத்துப் பிரதிகள் இங்கேயே முடிகின்றன என்று சொல்லித் திரியை ஊதி அணைத்தார். அந்த இருட்டு எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. நாடகம் போட ஆள் இல்லாத சபைக்கு இது போதும், செலவு ஒரு மெழுகுதிரி.

உபதேசியார் பேரன்

மகள், நீங்கள் உண்மையாக உழைக்கிறவர் என்பது எழுத்தில் தெரிகிறது, ஆகவே கோபித்துக்கொள்ளாமல் வாசியுங்கள். கோப்பித் தோட்டங்களுக்கென்று 1854 இல் மிஷன் தொடங்கியபோது திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து உபதேசிமாரைக் கொண்டுவந்தார்கள். என் குடும்பம் அந்த வழியில் வந்தது. தோட்டம் தோட்டமாக நடந்துபோய், இராத்திரி லயத்து வாசலில் உட்கார்ந்து வாசித்து, கேட்டவர்களை மனப்பாடமாகச் சொல்ல வைத்தார்கள். எழுத்துத் தெரியாத சனத்துக்கு நெஞ்சுதான் புத்தகம்.

மனப்பாடத்தை நீங்கள் இளக்காரமாகப் பார்ப்பதுபோல் எனக்குப் படுகிறது. என் தாயார் கடைசி எட்டு மாதம் எங்கள் பெயரையே மறந்துவிட்டார். ஆனால் 23ஆம் சங்கீதத்தை நான் தொடங்கினால் போதும், கூடவே வருவார். "உமது கோலும்" என்று நிறுத்தினால் "உமது தடியும்" என்று கண்ணை மூடியபடி எடுத்துக் கொடுப்பார். அது எந்த நாடகத்திலும் வந்ததில்லை. ஆறு வயதில் என் பாட்டனார் பிரம்பை வைத்துக்கொண்டு சொல்லிக் கொடுத்தது.

இன்னொன்று, தப்பு. சாவுக்கும் காமன் கூத்துக்கும் அடிக்கிற தப்பைத் தேவனுடைய ஆலயத்துக்குள் கொண்டுவருவதை என்னால் ஏற்க முடியாது. வாலிபர்களுக்கு வேஷமும் தாளமும் நினைவிருக்கும், வசனம் பறந்துவிடும்.

கொழுந்துக்கூடை

ஐயா, உங்கள் தாயாரைப் பற்றி எழுதியதை இரண்டு தரம் வாசித்தேன். மனப்பாடம் வேண்டாம் என்று நான் நினைக்கவில்லை. சொல்லத் தெரிந்த பிள்ளைக்கு அது தன்னோடு பேசுகிறது என்றும் தெரிய வேண்டும், அதுதான் என் தவிப்பு. தப்பு பற்றி மற்றவர்களும் சொல்லட்டும்.

பிலிமத்தலாவை மாணவன்

இறையியல் படிக்கிறேன், வீடு தலவாக்கலைப் பக்கம். ஐயா சொன்னதில் இரண்டை எடுத்துப் பேச அனுமதி வேண்டும்.

முதலாவது நாடகம். எசேக்கியேல் நாலாம் அதிகாரத்தைத் திறந்து பாருங்கள் ஐயா. செங்கல்லில் எருசலேம் நகரத்தை வரைந்து, அதைச் சுற்றி முற்றுகை போட்டு, 390 நாள் இடப்பக்கமும் 40 நாள் வலப்பக்கமும் படுத்துக் கிட என்று சொன்னது கர்த்தர். எரேமியா கழுத்தில் நுகத்தைப் போட்டுக்கொண்டு தெருவில் நடந்தார், அனனியா அதைப் பிடுங்கி உடைத்தான். சனம் காதால் கேட்க மறுத்த காலத்தில் தீர்க்கதரிசிகள் உடம்பாலேயே பேசினார்கள். அப்புறம் திருநெல்வேலி மண்ணிலேயே பிறந்த வேதநாயக சாஸ்திரியார் (1774–1864) இயேசுவின் பிறப்பைக் குறவஞ்சியாகப் பாடவில்லையா? குறத்தி வந்து குறி சொல்கிற வடிவம் அது, அன்றைக்கும் அதைக் கேட்டு முகம் சுளித்தவர்கள் இருந்திருப்பார்கள்.

இரண்டாவது தப்பு. இதைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். யாத்திராகமம் 15:20 இல் மிரியாம் கையில் எடுத்தது நம் பழைய மொழிபெயர்ப்பில் தம்புரு என்று இருக்கிறது. நாம் உடனே கச்சேரியில் சுருதிக்கு மீட்டுகிற தம்புராவை நினைத்துக்கொள்கிறோம். எபிரேயத்தில் உள்ள சொல் தோஃப். அது நரம்புக் கருவி இல்லை. மர வளையத்தில் தோலை இழுத்துக் கட்டிக் கையால் தட்டுகிற பறை. யெப்தாவின் மகள் தகப்பனுக்கு எதிர்கொண்டு வந்ததும், சவுலையும் தாவீதையும் பெண்கள் பாடி வரவேற்றதும் இதோடுதான். சங்கீதம் 150 இல் துதிக்கச் சொல்வதும் இதையே. வளையமும் தோலும். நம் தோட்டத்தில் அப்படி ஒரு வாத்தியம் தப்பைத் தவிர வேறு எது?

தப்பைத் தீட்டாக்கியது வேதம் இல்லை ஐயா, சாதி. அதை அடித்தவர்களைக் கோயில் வாசலுக்கு வெளியே நிறுத்திய பழக்கத்தை நாம் சபைக்குள்ளும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். வேறு எதற்காகவும் இல்லாவிட்டாலும் இதற்காகவே அந்தப் பிள்ளைகள் தப்பு அடிக்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

மறைக்கல்வி அக்கா (பண்டாரவளை)

நான் கத்தோலிக்கப் பக்கம், அதனால் சொற்கள் கொஞ்சம் மாறி இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எங்கள் பாட்டி காலத்தில் பேதுருவை இராயப்பர் என்றும் பவுலைச் சின்னப்பர் என்றும்தான் சொல்வார்கள். இப்போது 1995 இல் வந்த பொது மொழிபெயர்ப்பு இருப்பதால் உங்கள் பிள்ளைகளும் எங்கள் பிள்ளைகளும் சேர்ந்து வாசிக்க முடிகிறது.

எங்களுக்குக் கூத்தும், இயேசுவின் பாடுகளைக் காட்டுகிற பாஸ்கா நாடகமும் புதிது இல்லை. யாழ்ப்பாணத்தில் மரியசேவியர் அடிகளார் 1965 இல் தொடங்கிய திருமறைக் கலாமன்றம் இதையே பெரும் பணியாகச் செய்தது. நான் சொல்ல வந்தது வேறு, எச்சரிக்கை என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் கற்றுக்கொடுத்த ஒரு செப முறை உண்டு. நற்செய்திக் காட்சிக்குள் நாமே போய் நின்று பார்ப்பது, கேட்பது, மணப்பது, தொடுவது. அதை இளையோருக்குச் செய்தேன், ஊதாரி மகன் உவமை. கண்ணை மூடி, நீங்கள் அந்த வீட்டில் யார் என்று பாருங்கள் என்றேன். இளைய மகன், மூத்த மகன், வேலைக்காரன் என்று ஒவ்வொருவராகச் சொன்னார்கள். பதின்மூன்று வயதுப் பிள்ளை ஒருத்தி வாயே திறக்கவில்லை. எல்லாரும் போன பிறகு வந்து சொன்னாள், "அக்கா, எங்க வீட்டுல தூர தேசத்துக்குப் போனது அம்மா. நான்தான் ரோட்டப் பாத்துக்கிட்டு இருக்கேன்." தாய் குவைத்தில் வேலைக்குப் போய் நாலு வருசம்.

எனக்குக் கை கால் ஓடவில்லை. இத்தனை ஆழத்துக்குப் போகும் என்று தெரியாமல், போனால் கூட நிற்க ஆளில்லாமல், ஒரு பிள்ளையை அங்கே கொண்டுபோய் விட்டிருக்கிறேன். அதற்குப் பிறகு நான் தனியாகச் செய்வதில்லை, இன்னொரு பெரியவர் கட்டாயம் இருப்பார். பங்கெடுக்காமல் சும்மா பார்த்துக்கொண்டிருக்கலாம் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன். யாருக்கு எந்தப் பாத்திரம் என்று நான் பிரித்துக் கொடுக்கவும் மாட்டேன். குடிக்கிற தகப்பன் உள்ள பிள்ளையைக் குடிகாரனாக நடிக்க வைத்த கதையெல்லாம் நமக்குத் தெரியும். ஆனாலும் செய்வதை நிறுத்தவில்லை. ஏனென்றால் அந்தப் பிள்ளை பிறகு கேட்டது, "அந்த அப்பா தூரத்துல வரும்போதே கண்டாருன்னு இருக்கே, அப்ப தினமும் வாசல்ல நின்னிருப்பாரு, இல்லையா?" பத்து வருசம் மறைக்கல்வி நடத்தியும் நான் கவனிக்காத ஒன்று.

தூரதேசத்தில்

நான் அந்தத் தாய் இல்லை, ஆனால் நானும் குவைத்தில்தான். வேலை முடியப் பதினொரு மணி ஆகும், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். என் மகள் இராகலையில் என் அம்மாவோடு இருக்கிறாள். வாரம் ஒரு நாள் 121ஆம் சங்கீதத்தை நான் ஒரு வசனம் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்புவேன், அவள் அடுத்த வசனத்தைப் பேசி அனுப்புவாள். அவள் குரலுக்குப் பின்னால் மழைச் சத்தம் கேட்கும். "எனக்கு ஒத்தாசை வரும் பர்வதங்களுக்கு நேராக" என்று வாசித்துவிட்டு, ஒத்தாசைன்னா என்னம்மா என்று கேட்டாள். பாட்டிகிட்ட கேளு என்றேன். என் அம்மா உடனே, "'கூட மாட ஒத்தாசைக்கு வாடி'ன்னு தெனமும் கூப்பிடுறேனே, அதுதான்" என்று சொன்னாராம். நமக்குப் பழசாகிப்போன சொல் லயத்துக் கிழவிகளிடம் இன்னும் உயிரோடு இருக்கிறது. பிள்ளைகளை அவர்களிடம் அனுப்புங்கள். இங்கே மலை இல்லை, மகள் அனுப்புகிற வசனத்தில்தான் எனக்கு மலை.

நானுஓயா அம்மா

சமையலில் இருந்து ஒன்று சொல்கிறேன். ஐந்து அப்பம் இரண்டு மீன் கதை சொன்னபோது சின்னப் பிள்ளைகள் எல்லாரும் தேங்காய்ப்பால் ஊற்றிச் சுடுகிற அப்பத்தைத்தான் நினைத்துக்கொண்டிருந்தார்கள். பாண் என்று சொன்னால் பேக்கரியில் வாங்குகிற பஞ்சுப் பாண். இரண்டும் இல்லை. யோவான் மட்டும் அதை வாற்கோதுமை அப்பம் என்று எழுதுகிறார் (6:9). வாற்கோதுமை அன்றைக்கு இல்லாதவர்கள் சாப்பாடு. அதனால் நம் வீட்டில் அப்படி எது என்று கேட்டேன், குரக்கன் (கேழ்வரகு) ரொட்டி என்றார்கள். சரி, சுடுவோம். பிள்ளைகளே மாவு பிசைந்து, சிலிண்டர் இல்லாமல் விறகடுப்பில் ஐந்து ரொட்டி சுட்டு, கருவாடு இரண்டு வாட்டி, முப்பது பேருக்கு நடுவில் வைத்தோம். அற்புதம் எதுவும் நடக்கவில்லை, ஆளுக்கு ஒரு விள்ளல்தான் வந்தது. ஆனால் அந்த மதியச் சாப்பாட்டை எடுத்துக் கொடுத்த பையனை அன்றைக்கு எல்லாரும் நினைத்தார்கள். அவன் அம்மா காலையில் எழும்பிச் சுட்டிருப்பாள், அவளைப் பற்றி வேதத்தில் ஒன்றும் இல்லையே என்று ஒரு பிள்ளை சொன்னது. தெரியாமல் செய்த வேலை, தெரிந்தவர்கள் திருத்துங்கள்.

கொஸ்லந்தைக் காற்று

மீரியபெத்தையில் 2014 ஒக்டோபர் 29 காலையில் மலை சரிந்து லயங்களை மூடியது. அதற்குப் பக்கத்துத் தோட்டத்தில் படிப்பிக்கிறேன். எங்கள் இடமும் மழை பலமாகப் பெய்தால் பாயைச் சுருட்டிக்கொண்டு பாடசாலைக்கு ஓடுகிற இடம்தான். இங்கே "ஸ்தோத்திரம் சொல்லுங்கள், எல்லாம் நன்மைக்கே" என்று வாலிபருக்குச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

புலம்பல் புத்தகம் எடுத்தேன். எபிரேயத்தில் அதன் முதல் நாலு அதிகாரமும் அகரவரிசையில் எழுதப்பட்டவை, 22 எழுத்துக்கு 22 வசனம், மூன்றாவது அதிகாரத்தில் மட்டும் எழுத்துக்கு மூன்றாக 66. நமக்கு ஆத்திசூடி தெரியும், அதனால் பிள்ளைகளுக்கு இது உடனே பிடிபட்டது. துக்கம் தலைகால் புரியாமல் வரும்போது எழுத்து வரிசை ஒரு கைப்பிடி. அ முதல் ஔ வரை பன்னிரண்டு வரி, ஆளுக்கு ஒன்று எழுதுங்கள், கடவுளிடம் நேராகப் பேசுங்கள், மரியாதைக்காகப் பொய் சொல்ல வேண்டாம் என்றேன். ஒருவன் எழுதியதில் சில வரிகளை அவன் அனுமதியோடு போடுகிறேன்:

அடுப்பில் தேத்தண்ணி கொதித்துக்கொண்டிருந்தது.
ஆண்டவரே, மலை அசைந்ததை முதலில் கண்டது நீர்தானே.
இறங்கி ஓடுங்கள் என்று ஒரு சத்தம் போட்டிருக்கலாம்.
ஈரமண் இன்னும் என் கனவில் மணக்கிறது.

இதைச் சபையில் வாசிக்க வேண்டுமா என்று யோசித்தோம். வாசித்தான். 88ஆம் சங்கீதமும் இருளில்தான் முடிகிறது, அதையும் தொடர்ந்து வாசித்தோம், சேர்த்து ஆறுதல் வசனம் எதுவும் ஒட்டவில்லை. பின் வாங்கில் இருந்த அம்மா ஒருவர் மெதுவாக ஒப்பாரி எடுத்தார். யாரும் தடுக்கவில்லை. நம் அம்மாமாருக்குப் புலம்பல் புத்தகத்தை யாரும் விளக்கத் தேவையில்லை, அவர்கள்தான் நமக்கு விளக்க வேண்டும்.

வட்டவளை தம்பி

அக்கா, செங்கடல் கதை செய்யும்போது ஒன்றை யோசியுங்கள். இஸ்ரவேலர் கடலைத் தாண்டி விடுதலைக்குப் போனார்கள். நம் முன்னோர் இந்தியாவிலிருந்து கடலைத் தாண்டி அடிமைப்பாட்டுக்கு வந்தார்கள். தப்பைத் தட்டி அப்படியே பாடினால் அது நம் கதை மாதிரி இருக்கும், ஆனால் திசை தலைகீழ்.

பிலிமத்தலாவை மாணவன்

தம்பி சரியான இடத்தில் பிடித்தார். நம் கதைக்கு நேராக வருவது உபாகமம் 26. முதற்பலனைக் கூடையில் கொண்டுவந்து வைக்கிறவன் சொல்ல வேண்டிய அறிக்கை: என் தகப்பன் சீரியன், கொஞ்சம் ஜனங்களோடே எகிப்துக்குப் போய்ப் பரதேசியாய்ச் சஞ்சரித்தான், எகிப்தியர் எங்களை ஒடுக்கிக் கடினமான வேலை வாங்கினார்கள், நாங்கள் கூப்பிட்டோம், கர்த்தர் கேட்டார். பஞ்சத்துக்குப் பிழைக்கப் போன இடத்தில் அடிமையானது வரைக்கும் அப்படியே நம்முடையது. அதற்கப்புறம் உள்ளதில் நாம் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளைகள் சொல்லட்டும். கூடை வேறு இருக்கிறது அக்கா, அதில் கொழுந்தைத் தவிர எதை வைப்பீர்கள்?

உபதேசியார் பேரன்

இரண்டு நாள் எழுதாமல் இருந்தேன். தோஃப் என்ற சொல்லைத் தெரிந்த ஒரு போதகரிடம் கேட்டுப் பார்த்தேன், கையால் தட்டும் தோல்கருவிதான் என்றார். எழுபது வருசமாகத் தம்புரு என்று வாசித்து வேறொன்றை மனதில் வைத்திருந்திருக்கிறேன். சாதி பற்றி அந்தத் தம்பி எழுதியது எனக்கு வலித்தது, ஆனால் பொய் என்று சொல்ல மாட்டேன்.

ஆலயத்துக்குள் தப்பு என்பதற்கு என் மனம் இன்னும் இடம் கொடுக்கவில்லை. பெரட்டுக்களத்தில் செய்யுங்கள். வசனத்தை நெஞ்சில் ஏற்றிய பிறகு செய்யுங்கள், உபாகமம் 26:5 முதல் 10 வரை, ஆறே வசனம், கூடை தூக்குகிற ஒவ்வொருவரும் காகிதம் பார்க்காமல் சொல்ல வேண்டும்.

தலைமன்னாரில் இறங்கி மாத்தளை வரைக்கும் காட்டு வழியே நடந்த கதையை என் பாட்டனார் தன் தகப்பனிடம் கேட்டுச் சொல்லியிருக்கிறார். யார் எந்த இடத்தில் காய்ச்சலில் விழுந்தார்கள், யாரை வழியிலேயே புதைத்தார்கள் என்பது வரைக்கும். 2023 இல் நம் மலையகச் சனம் வந்து இருநூறு வருசம் ஆன நினைவாக அதே வழியில் நடைபயணம் போனபோது முழங்கால் விடவில்லை, மாத்தளைக்கு மட்டும் போய் நின்றேன். பிள்ளைகள் கேட்பதாக இருந்தால் வந்து சொல்கிறேன். பஸ் வசதி மட்டும் பார்த்துச் சொல்லுங்கள்.

கொழுந்துக்கூடை

ஐயா, கட்டாயம் வாருங்கள். ஹட்டன் பஸ் நிலையத்துக்கு இரண்டு பையன்கள் வந்து கூட்டிக்கொண்டு வருவார்கள். ஆறு வசனத்தையும் பதினொரு பிள்ளைகள் பாடமாக்கிவிட்டார்கள், மீதிப் பேர் பாதியில். "பூமியைச் சுதந்தரிக்கிறது" என்ற வசனத்தில் நின்ற அதே பிள்ளைதான் முதல் கூடை தூக்குகிறாள். ஒன்பதாம் வசனத்தில் "இந்தத் தேசத்தை எங்களுக்குக் கொடுத்தார்" என்று வருகிறதே, அதை நாம் எப்படிச் சொல்வது என்று நேற்று என்னிடம் கேட்டாள். அந்த இடத்தில் சத்தமாகச் சொல்லாமல், கூடையைக் கீழே வைத்துவிட்டு ஒரு நிமிடம் பேசாமல் நிற்போம் என்று அவர்களாகவே முடிவு செய்திருக்கிறார்கள். நான் மாற்றவில்லை.

மறைக்கல்வி அக்கா, நீங்கள் சொன்னபடி கூட நிற்க எங்கள் தோட்டத்து மருத்துவமாது அக்காவைக் கேட்டிருக்கிறேன், வருகிறார்.

தப்பு கிடைத்துவிட்டது. மேல் லயத்தில் இருக்கிற மாமா ஒருவருடையது, மாசி மாதம் காமன் கூத்துக்கு அடிக்கிறவர், சபைக்காரர் இல்லை. கேட்கப் போனபோது தப்பை அடுப்புப் பக்கம் தொங்கவிட்டிருந்தார். தோல் ஈரமாக இருந்தால் சத்தம் செத்துப்போகும், முதலில் காய்ச்ச வேண்டும், அன்றைக்கு நானே வந்து நெருப்பு மூட்டித் தருகிறேன், பையன்களுக்கு அடியும் சொல்லித் தருகிறேன் என்றார். அப்புறம், யாருக்காக அடிக்கிறீர்கள் என்று கேட்டார். மிரியாம் கதையைப் பையன்களில் ஒருவன் சொல்ல ஆரம்பித்தான். மாமா வாசற்படியில் உட்கார்ந்துகொண்டு, "இரு, மொதல்ல இருந்து சொல்லு, தம்பிய ஆத்துல விட்டுட்டுக் காவலுக்கு நின்ன பொண்ணா அது?" என்று கேட்டார். அது அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டோம். சின்ன வயதில் லயத்து வாசலில் யாரோ உபதேசியார் வந்து சொன்னதாம்.

சனிக்கிழமை, சாயங்காலம் நாலரை மணி. மழை வந்தால் கொழுந்து நிறுக்கிற மடுவத்துக்கு மாற்றிக்கொள்வோம், காய்ந்த விறகு எடுத்து வைத்திருக்கிறோம்.